ஆச்சு என்று சொன்ன தெரு

தெருமுனை இஸ்திரிக்காரரை எல்லோரும் ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவர் கோபித்துக்கொண்டதில்லை, உள்ளுக்குள் பெருமைதான். வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் மனுஷனுக்குச் சட்டையில் மடிப்பு கலையக் கூடாது. பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த வருஷம் நிஜமாகவே சோறு இல்லை.

மில்லைப் பூட்டிவிட்டார்கள். மில் சீருடை வராவிட்டால் இஸ்திரிப் பெட்டிக்கு என்ன வேலை? ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க் கடையில் அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. தானியத்துக்கு ஒரு பஞ்சமும் இல்லை. வாங்குகிறவர்கள் கைதான் காய்ந்துபோயிருந்தது. இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல?

அந்தத் தெருத் தையல்காரம்மாதான் பொது அடுப்பு மூட்டலாம் என்று கிளம்பினாள். நல்ல மனசு. ஆனால் அவள் செய்த தப்பு நம்மாட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. யாருக்குச் சோறு வேண்டும் என்று தெரிந்துகொள்ள வீடு வீடாகப் போய், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டாள். வாசலுக்கு வந்தவள் அப்படிக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? “ஆச்சு, ஆச்சு. நீங்க?” பட்டினி கிடந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆச்சு என்ற வீட்டையெல்லாம், அரிசி கொடுக்கக்கூடிய வீடு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மடிப்பும் “ஆச்சும்மா” என்றார். அதோடு விட்டாரா? கௌரவம் விடுமா? உள்ளே போய், பானையில் கடைசியாகக் கிடந்த அரிசியை வழித்துக் கொண்டுவந்து அவள் பையில் கொட்டினார். மனைவி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுப்புக் கரண்டி உங்க கையில இருக்கட்டும் அண்ணே. நீங்க பரிமாறினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள் தையல்காரம்மா.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் மனுஷன். தினமும் மத்தியானம் தெருவுக்கே சோறும் பருப்பும் அள்ளி வைத்தார். வாசனை மூக்கில் ஏறும்போது வயிறு கத்தும். அது வெளியே கேட்காமலிருக்க இருமுவார். “மருந்து சாப்பிடுங்கண்ணே” என்று வரிசையில் நின்றவர்கள் அக்கறையாகச் சொன்னார்கள். மருந்தாம்! பசிக்கிறது என்று இனிமேல் சொன்னால் பொய்யன் ஆகிவிடுவார். கரண்டியைக் கீழே வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

வீட்டில் மகள் விளையாடப் போவதை நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்தே கிடந்தாள்.

“நாளைக்கு நானும் வரிசையில வந்து நிக்கிறேன்” என்றாள் மனைவி.

“ஐயோ, மானம் போயிடும்! தன் வீட்டுக்கு அள்ளிக்கிட்டான்னு பேசுவாங்க.”

“அந்த மானத்தை வடிச்சுத் தட்டுல போடுங்க, சாப்பிடறோம்.”

மறுநாள் சொன்னபடியே வந்துவிட்டாள். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் மகள். மடிப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“என்ன அண்ணி, நீங்களா?” என்றாள் தையல்காரம்மா.

“பசிக்குதும்மா.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாளாக “பிள்ளைக்குக் கொஞ்சம்”, “ருசி பாக்க” என்றுதான் வாங்கிப் போனார்களே தவிர, அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“அன்னிக்குக் கேட்டப்ப அண்ணன் ஆச்சுன்னாரே!”

“நீ கேட்டது வணக்கம் சொல்ற மாதிரி. அதுக்குப் போய் யாரும்மா நிஜத்தைச் சொல்லுவா?”

பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்த பால்காரர் கோடாலியைக் கீழே வைத்தார். “எங்க வீட்லயும் ஆகலைம்மா” என்றார் தலையைக் குனிந்துகொண்டே. காய் நறுக்க வந்தவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். உடனே எதிர்க் கடைக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “மூட்டையில வண்டு விழறதுக்கு அந்த அரிசி எங்க வயித்துல விழட்டும், இறக்குங்க சார்!” அவர் தலையைச் சொறிந்தார். தெரு மொத்தமும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஒரு மூட்டையை இழுத்து வாசலில் போட்டார்.

இவ்வளவும் நடக்கிறது, மடிப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி தூக்குவாளியை நீட்டினாள். அவர் அள்ளினார். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் அப்போதும் கையைப் பிடித்து இழுத்தது. பாதியைத் திரும்பச் சட்டியில் தட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டார்.

அவள் வாளிக்குள் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் முழுக் கரண்டி. உங்க பொண்ணுக்கு அரைக் கரண்டியா?”

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“கரண்டியை இப்படிக் குடுங்கண்ணே, போய் உக்காருங்க” என்று தையல்காரம்மா இழுத்தாள். அவர் விடவில்லை. விட வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை, விரல்தான் பிரியவில்லை. அது கையில் இருக்கும்வரை அவர் கொடுக்கிறவர். மகள் கிட்டே வந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

அவர் புழுதியிலேயே, தெரு பார்க்க, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்காரம்மா அவர்களுக்கும் முழுக் கரண்டி வைத்தாள். முதல் கவளத்திலேயே புரையேறி இருமினார். மகள் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.