எஞ்சின் நின்றதும் கிணற்றில் இறங்கினார்

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே விவசாயமும் செய்தார். அந்த வருடம் தக்காளி. காய் பிடிக்கிற நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மேலே இருந்த டீசல் எஞ்சினால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்க முடியவில்லை. எஞ்சினையே கயிறு கட்டி இறக்கி, கிணற்றுக்குள் இருந்த பாறைத் திட்டில் வைத்து ஓட்டினோம். அப்போது அந்தப் பக்கம் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

பக்கத்து வயல்காரருக்கு அதில் கோபம். நாங்கள் இறைப்பதால்தான் தன் கிணறு வற்றுகிறது என்று சண்டை போட்டார். தெலுங்கு பேசும் குடும்பம். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. அவர் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று மட்டும் நாங்கள் தினமும் நோட்டம் விடுவோம்.

ஒருநாள் காலை, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் முக்கி முக்கி நின்றது. "டீசல் அடைச்சிருக்கும், பாத்துட்டு வரேன்" என்று கணவர் இறங்கினார். நான் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. போய் எட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில், பாறையில் சாய்ந்து தூங்குகிறவர் போல உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். தலை நிமிரவில்லை.

அலறிக்கொண்டே படிக்கல்லில் கால் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் கொண்டையைப் பிடித்து இழுத்தது. மல்லாந்து விழுந்தேன். பக்கத்து வயல்காரர்!

"திகவத்தம்மா! எறங்காத! உள்ள பூரா எஞ்சின் பொகை. நீயும் போயிருவ!"

பகையைத் தீர்க்க இதுவா நேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கையைக் கடித்தேன். விடவில்லை. ஓடிவந்த அவர் மனைவி என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஒரு புங்கங்கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழுமாக விசிறினார். உள்ளிருக்கும் கெட்ட காற்று கலையட்டும் என்று. பிறகு தன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் ஆட்களிடம் கொடுத்தார். "நான் ஆட்டுனா ஒடனே தூக்குங்கடா" என்று சொல்லி, மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினார். முதல் தடவை பாதியிலேயே திரும்பி வந்து, வரப்பில் குப்புற விழுந்து இருமினார். போதும் என்று அவர் மனைவி கெஞ்சினார். மறுபடியும் இறங்கினார். என் கணவரின் அக்குளில் இன்னொரு கயிற்றைக் கட்டிவிட்டு ஏறினார். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். நானும்தான்.

பிணம் போலக் கிடந்தவர் டிராக்டரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் முனகினார். ஒரு வாரத்தில் வீடு திரும்பினார்.

சம்பவம் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் பக்கத்து வயல்காரரும் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் சொன்னார்: "இவரு தம்பி இப்பிடித்தான் போனாரு. தூக்கப் போன எங்க மாமனாரும் மேல வரலைங்க." அத்தனை வருடம் வரப்புக்கு வரப்பு இருந்தும் அது எங்களுக்குத் தெரியாது.

எஞ்சினை மறுநாளே மேலே ஏற்றிவிட்டோம். பாதித் தக்காளி காய்ந்துபோனது. அவர் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று தினமும் கணக்குப் பார்த்த நாங்கள், அந்த வீட்டில் எத்தனை பேரை இழந்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.