பாக்கு வைத்து அழைத்த கூட்டம்

நடந்ததைத்தான் சொல்கிறேன். இதில் ஜோடனை கிடையாது.

முத்திருளன் எனக்குச் சித்தப்பா முறை. பொய்யே பேசாத உத்தமர் என்று சொல்லமாட்டேன். வாயைத் திறந்தால் அளப்பார். ஆனால் தன் முகத்தில் தானே சாணியை அப்பிக்கொள்கிற மாதிரி ஒரு பொய்யை எவனாவது சொல்வானா? இதை என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு விவரம் தெரிந்த நாளாய் அவர் தனிக்கட்டை. செல்லூர்ச் சந்து ஒன்றில் தானே பொங்கித் தானே தின்கிற ஆள்.

கதையில் அவரை அவன் இவன் என்றுதான் சொல்லப்போகிறேன். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. மரியாதை கொடுக்கிற காரியம் எதையும் அந்த வயதில் அவர் செய்யவில்லை. இதுவும் அவர் சொன்னதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, மாசி மாதம். ஆனையூர் போகிற வழியில் ஒரு மில்லைச் சேர்ந்தவர்கள் புதிதாக ஃபுட்பால் மைதானம் போட்டார்கள். எந்த மில் என்று கேட்காதீர்கள். சுற்றிலும் தென்னந்தட்டி வேலி. கிழக்குப் பக்கம் பனங்கட்டையில் படிப்படியாகக் கேலரி. அதற்கு எதிரே, மேற்கில், துரை உட்கார ஒரு பந்தல். மதுரையே வாயைப் பிளக்கப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதல் ஆட்டத்துக்கு வந்தது யார்? மில் வாட்ச்மேன், அவன் மச்சினன், வேலியோரம் மேய்ந்த நாலு ஆடு. இரண்டாவது ஆட்டத்துக்கு அந்த ஆடுகூட எட்டிப் பார்க்கவில்லை.

துரைக்கு மூக்கு சிவந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை திருச்சி டீம் வருகிறது, அன்றைக்கும் கேலரி காலியாகக் கிடந்தால் அதைப் பிரித்துவிட்டுப் பஞ்சுக் குடோன் கட்டச் சொல்லிவிட்டார். பந்து உதைக்கவென்றே மில்லில் வேலை கொடுத்த பதினோரு பேருக்கும் அன்றோடு கணக்கு முடிந்துவிடும். அதில் ஒருத்தன் நல்லகாமன். முத்திருளனின் மனைவி செல்லத்தாய்க்குக் கூடப்பிறந்த தம்பி. மில்லில் குமாஸ்தாவாக இருந்த முத்திருளன்தான் கையைக் காலைப் பிடித்து அவனை உள்ளே சேர்த்துவிட்டிருந்தான்.

கிளப் செக்ரட்டரி துளசிராம் நூல் வியாபாரி. நல்ல மனிதர். அவர் முத்திருளனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நோட்டீஸ் ஒட்டினா டவுன்காரங்க படிப்பாங்க. உங்க பக்கத்து ஜனங்களுக்கு என்னப்பா செய்யணும்?"

"பாக்கு வைக்கணுங்க" என்றான் முத்திருளன்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. கல்யாணமோ காதுகுத்தோ, வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். பாக்கு வைக்காமல் சும்மா வாயால் கூப்பிட்டால் வரமாட்டார்கள். பாக்கு வைத்துவிட்டால் வராமல் இருக்கமாட்டார்கள். அதேபோல், வந்துபோனவர்கள் நாளைக்கு உன் வீட்டில் பாக்கு வைத்தால் நீயும் போய்த் தீர வேண்டும்.

துளசிராம் ஒரு கூடை நிறைய வெற்றிலை பாக்கை வாழைநாரில் கட்டிக் கொடுத்து, ஜட்காவும் பிடித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை உச்சி வெயிலில் முத்திருளன் அலங்காநல்லூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற தன் சொந்த ஊர் எல்லையில் போய் இறங்கினான்.

அதற்கு மேல் கால் நகரவில்லை.

காரணம் அவன் அத்தை, சோணையம்மாள். தாய் தகப்பன் இல்லாதவனை விறகு சுமந்து வளர்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். கார்த்திகையில் அவள் செத்துப்போனாள். ஆள் வந்து சொன்னபோது, "நீ முன்னாடி போ, இந்தா வாரேன்" என்று சொல்லி அனுப்பினான். போகவில்லை. அன்றைக்குத் துரை பங்களாவில் மைதானத்துக்காக ஒரு டீ பார்ட்டி. ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். கோடி என்பார்கள். சோணையம்மாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது இவன் ஒருத்தன்தான். பொழுது சாயும்வரை போட்டுக் காத்திருந்தார்கள். கட்டியிருந்த பழைய கண்டாங்கியோடு எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். அந்த நேரத்தில் இவன் கேக் தின்றுகொண்டிருந்தான்.

அந்த ஊருக்குள் எந்த மூஞ்சியோடு போவான்? யார் வீட்டு வாசலில் நின்று, "பந்து விளையாட்டு, வந்துருங்க" என்பான்? அந்த ஊரைத் தாண்டாமல் அடுத்த ஊருக்கும் பாதை கிடையாது.

எதிரே இடுகாடு. கள்ளிப் புதர், மண்மேடுகள், ஓரத்தில் ஒரு கல். அழைக்க எடுத்த வெற்றிலையை வீட்டுக்குத் திருப்பக் கூடாது. தரையில் கொட்டவும் கூடாது. கூடையை அந்தக் கல் மேல் வைத்தான். சும்மா வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பழக்க தோஷம், கை தானாகக் கும்பிட்டது. வாய் தானாகச் சொன்னது.

"சனிக்கிழமை விளையாட்டு. எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க."

சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். துளசிராமிடம் வந்து, வீடு விடாமல் அழைத்துவிட்டதாகச் சொன்னான்.

சனிக்கிழமை. நாலு மணிச் சங்கு ஊதியபோது கேலரியில் ஈ காக்கை இல்லை. நல்லகாமன் ஓடி வந்தான்.

"மச்சான், நம்மாளுக வருவாகள்ல?"

"வருவாக மாப்ள. பாக்கு வச்சிருக்கேன்ல?"

கூசாமல் சொன்னான். சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

நாலரைக்கு விசில். பந்தை உதைக்கிற சத்தம் தொம் என்று கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தம். தேன்கூட்டில் காதை வைத்த மாதிரி.

எட்டிப் பார்த்தான்.

கேலரி நிறைந்திருந்தது.

அடியிலிருந்து மேல்படிவரை ஆட்கள். இடுக்கி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வேட்டிகளும் சேலைகளும் வெயிலில் பளபளவென்று இருந்தன. துளசிராம் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். துரை தொப்பியைக் கழற்றி ஆட்டினார். முத்திருளனும் சிரித்தான். ஜட்காக்காரன் சொல்லி ஊருக்குள் விஷயம் பரவியிருக்கும் என்று நினைத்தான். நம்மை மன்னித்துவிட்டார்கள், என்ன இருந்தாலும் நம் ஜனம் என்று கண்கூடக் கலங்கிவிட்டது.

கடலை விற்கிற பாண்டியம்மாள் கூடையோடு வந்து நின்றாள்.

"என்ன சனம்ணே இது? இம்புட்டுப் பேரு இருக்காக, ஒரு கை கடலை போகலையே. கூவுனா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாக."

"ஆட்டத்துல கண்ணு."

"ஆட்டத்தையா பாக்குறாக?" என்றாள் அவள். "போயி நல்லாப் பாருங்கண்ணே. நான் வீட்டுக்குப் போறேன்."

அப்போதுதான் அவனும் கவனித்தான். மேற்கு வெயில் நேராக அவர்கள் முகத்தில் அடித்தது. ஒருத்தர்கூடக் கையை நெற்றிக்குக் கொடுக்கவில்லை. கண்ணைச் சுருக்கவில்லை. பந்து வடக்கே போனது, தெற்கே போனது. ஒரு தலை திரும்பவில்லை. எல்லா முகமும் பந்தல் பக்கமே இருந்தது. அவன் பக்கம்.

மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கேலரி அடிக்குப் போனான். கிட்டத்தில் பார்த்தான். எல்லாம் புதுத் துணி. கசங்காத புதுத் துணி. உயிரோடு இருக்கிறவர்கள் புதுசு கட்டினால் ஓரத்தில் துளி மஞ்சள் வைப்பார்கள். ஒரு துணியிலும் மஞ்சள் இல்லை.

எல்லோருக்கும் தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டு. உச்சந்தலையில் முடிச்சு. அதனால்தான் கூச்சல் வரவில்லை. மூடின வாய்க்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம்.

ம்ம்ம்ம்...

அவன் கண்ணுக்கு நேரே கால்கள் வரிசையாகத் தொங்கின.

கட்டைவிரலும் கட்டைவிரலும் சேர்த்துக் கட்டியிருந்தது.

ஒவ்வொரு மடியிலும் ஒரு வெற்றிலை...

அவன் வைத்த வெற்றிலை.

முதல் படியின் ஓரத்தில் ஒருத்தி மட்டும் பழைய சேலையில் இருந்தாள். சாயம் போன கண்டாங்கி. மற்றவர்கள் புதுத் துணியில் இருக்க, இவள் முந்தானையை இழுத்து இழுத்து கிழிசலை மறைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு எடுத்துப் போட ஆளில்லை.

அத்தை...

ஓடினான். எப்படிப் பந்தலுக்கு வந்து சேர்ந்தான் என்று அவனுக்குத் தெரியாது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. துளசிராம் அவன் தோளைத் தொட்டார்.

"யாருப்பா அந்தம்மா? கிழிஞ்ச சேலை கட்டிக்கிட்டு... வந்ததிலேருந்து உன்னையே பாக்குது. உனக்கு வேண்டியவங்களா?"

பக்கத்தில் துரை. துரையின் பெண்டாட்டி. குமாஸ்தாக்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியலைங்க" என்றான் முத்திருளன். "யாரோ..."

பயத்தில் சொல்லவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தார் சித்தப்பா. வெட்கத்தில் சொன்னாராம். அந்த நேரத்திலும், அந்தக் கோலத்திலும், அவளை என் அத்தை என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

அவ்வளவு தூரத்தில் இருந்தவளுக்கு அது எப்படிக் கேட்டது? எழுந்தாள். குறுகக் குறுக அடி வைத்து வேலியோரம் நடந்தாள். ஊர்ப் பக்கம் போகவில்லை. அவன் குடியிருந்த செல்லூர்ப் பக்கம் போனாள்.

ஐந்தே கால் மணிக்கு நல்லகாமன் கோல் அடித்தான். கேலரி முழுக்க எழுந்து நின்றது. ம்ம்ம்ம் என்று பனங்கட்டைகள் அதிர்ந்தன. துரை கை தட்டினார். மைதானம் நிலைத்தது, பதினோரு பேர் வேலையும் நிலைத்தது. துளசிராம் முத்திருளன் கழுத்தில் மாலையைப் போட்டார். அவன் தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது கேலரி காலி.

வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியது உக்கிரபாண்டி, அத்தை புருஷனின் தம்பி. மாலையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மருமகனே, ஊரு எல்லை வரைக்கும் ஜட்கா வந்துச்சாம். உள்ள வரலையே? நாங்க என்ன கடிச்சா வைப்போம்?"

"மாமா... நம்ம ஊர்க்காரவுக இன்னைக்கு..."

"எவன் வருவான்? பாக்கு வைக்காத எடத்துக்கு நம்ம ஊர்ல எவனாச்சும் வருவானா? ஒரு பய வரலை. மனசு கேக்காம நான் ஒருத்தன்தான் கேட்டுட்டுப் போக வந்தேன்."

மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு முத்திருளன் செல்லூருக்கு ஓடினான். விளக்கு வைக்கிற நேரம். தறிச் சத்தம் எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. செல்லத்தாய் வாசலில் சிரித்த முகமாக நின்றாள்.

"ஏங்க, உங்க ஊர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தாகங்க. பல்வலி போல, தாடையில கட்டு. வாயே தொறக்கலை. எல்லாம் சைகைதான்."

அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"பாவம், பழைய கண்டாங்கி. பாக்கச் சகிக்கலை. என் பெட்டியிலருந்து புதுச் சேலையை எடுத்து நீட்டுனேன். வேணாம்னு தலையாட்டிட்டு, கொடியில தொங்குற உங்க சட்டையைக் காட்டுனாக. நீங்க எடுத்துக் குடுக்கணுமாம்."

"எதுக்கு வந்துச்சு?"

"பாக்கு வைக்கத்தான். நம்மளக் குடும்பத்தோட கூப்புட்டிருக்காக. ரெண்டு பேருன்னு ரெண்டு வெரலைக் காட்டுனேன். அவுக மூணு வெத்தலையை எடுத்து என் மடியில வச்சாகங்க." செல்லத்தாய் முகம் சிவந்து கீழே பார்த்தாள். "உங்ககிட்டயே நான் இன்னும் சொல்லலை. நாள் தள்ளிப்போயிருக்கு. அவுகளுக்கு எப்புடிங்க தெரிஞ்சுச்சு?"

அவள் மடியில் மூன்று வெற்றிலை இருந்தது. துளசிராம் கட்டிக் கொடுத்த அதே வாழைநார்.

"யாருங்க அவுக?"

"என் அத்தை" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அத்தையா? உங்களுக்கு யாருமே இல்லைன்னு சொன்னீக?" அவள் வெற்றிலையைத் தடவிப் பார்த்தாள். "போயிட்டு வருவோம்ங்க. விசேஷம் எப்பவாம்?"

புரட்டாசியில் பிரசவத்தோடு செல்லத்தாய் போனாள். பிள்ளையும் அன்றைக்கே போனது. அன்றைக்கே மூன்றில் இரண்டு வெற்றிலை சருகாகிவிட்டது என்றார் சித்தப்பா. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவது வெற்றிலையை நானே தொட்டுப் பார்த்தேன். கொடியிலிருந்து அப்போதுதான் கிள்ளிய மாதிரி, பச்சையாக, ஈரமாக இருந்தது.

அதற்கு அடியில் ஒரு புதுக் கண்டாங்கிச் சேலை மடித்து வைத்திருந்தார். அதில் மஞ்சள் வைக்கவில்லை.

"இது யாருக்குச் சித்தப்பா?"

"அத்தைக்கு." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான் கொண்டுபோகணும். வாரேன்னு சொல்லியிருக்கேன்ல..."