சத்தமே இல்லாத வீட்டில் படிக்க முடியவில்லை

எழுபதுகளின் கடைசியில் மதுரை கோச்சடையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். நகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். பதவி உயர்வு வேண்டுமென்றால் இலாகாத் தேர்வில் இரண்டு தாள்கள் எழுதித் தேற வேண்டும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதுதான் அந்தத் தேர்வின் விசேஷம். ஆனால் தலையணை கனத்துக்கு இருக்கும் விதிப் புத்தகங்களில் எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் நேரத்துக்குள் எழுதி முடிக்கலாம். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்விலேயே நான் இரண்டு முறை கோட்டை விட்டவன்.

எனக்கு நாலு வருடம் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவர் அதற்குள் தேறி, எனக்கே மேலதிகாரியாகி எதிரில் உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல மனிதர். "அண்ணே, அந்த ஃபைலைக் கொஞ்சம் பார்த்துருங்கண்ணே" என்று பழைய மரியாதையோடுதான் பேசுவார். அந்த 'அண்ணே'தான் எனக்கு ரொம்பக் குத்தியது.

வீட்டில் என் பாட்டே வேறு. எதிர்வீட்டு அம்மாவின் ரேடியோ காலையில் ஐந்தரை மணிக்கே ஆரம்பித்துவிடும். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், ஏழு வயதும் நாலு வயதும். அவர்கள் சண்டை போடாத நேரம் தூங்குகிற நேரம் மட்டும்தான். "இந்த வீட்டுல மனுசன் படிக்க முடியுமா?" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன்.

என் மனைவி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் சொன்னதை எல்லாம் அவள் அப்படியே நம்பினாள். பின்பக்கத்து விறகு அறையைக் காலி செய்து, யாரிடமோ கேட்டு ஒரு மேசையும் வாங்கிப் போட்டாள். எதிர்வீட்டு அம்மாவிடம் போய் என்ன பேசினாளோ, ரேடியோ சத்தம் குறைந்துவிட்டது. நானோ, அந்த அறையில் புழுக்கம் என்றேன்.

சித்திரைத் திருவிழா நெருங்கியது. வருடா வருடம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அவள் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். தேர்வோ மே மாதக் கடைசியில். போன தடவை தோற்றதற்கு நான் சொன்ன காரணமே அந்த உறவுக் கூட்டம்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"இந்த வருசம் யாரும் வர வேணாம்னு ஊருக்குக் கடுதாசி போட்டுட்டேன். பிள்ளைகளுக்கும் லீவு விட்டாச்சு. நாங்க ஊருக்குப் போறோம். நீங்க நிம்மதியாப் படிங்க."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஒரு வருடம்கூட அழகரைப் பார்க்காமல் இருந்ததில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

அவர்கள் போன முதல் நாள் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். மறுநாள் பென்சில் சீவினேன். அதற்கடுத்த நாள் வீட்டைப் பெருக்கி, பானையைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தேன். பிறகு செய்ய ஒன்றுமே இல்லை. மேசை முன் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும்தான் கேட்டது. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் அவள் தம்பி ஓடிவந்தான். "வாங்க மச்சான், என்ன சொல்லாம கொள்ளாம? அக்கா தோட்டத்துல இருக்கு."

தோட்டத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் பதறி எழுந்து வந்தாள். "உடம்புக்கு என்னங்க?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீடு வெறிச்சுன்னு கிடக்கு. சத்தமே இல்லாம படிப்பு ஓட மாட்டேங்குது."

என்னையே ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கையிலிருந்த கடலைச் செடியோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். காரணம் தெரியாமலே மற்ற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். கோபப்படத்தான் நினைத்தேன். என்னையும் மீறி எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக உண்மையும் வெளியே வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு. நல்லாப் படிச்சும் பெயிலானா நான் முட்டாள்னு ஆயிரும். படிக்காமப் போனா, படிக்க முடியலன்னு சொல்லிக்கலாம்ல?"

அவள் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இம்புட்டு நாளும் எதிர்வீட்டு அம்மா ரேடியோவையா குறை சொன்னீங்க? பாவங்க அந்தம்மா!" என்றாள். பிறகு மெதுவாக, "பெயிலானா நேரா எங்கிட்ட வந்து, பெயிலாயிட்டேன்னு சொல்லுங்க. கேட்டுக்கிறேன். அம்புட்டுத்தானே?" என்றாள்.

அம்புட்டுத்தான் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே நால்வரும் திரும்பினோம்; அதனால் அந்த வருடமும் அவள் அழகரைத் தவறவிடவில்லை. மறுநாள் விடியற்காலையில் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். என் மூத்த மகள் ஒரு விளையாட்டே கண்டுபிடித்துவிட்டாள். பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு கேள்வியை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவள் நூறு எண்ணி முடிப்பதற்குள் நான் சரியான பக்கத்தைப் பிடிக்க வேண்டும். தோற்றால் அவளை உப்புமூட்டை தூக்கி வீட்டைச் சுற்றி வரவேண்டும். சின்னவளுக்கு எண்ணத் தெரியாது. இருந்தாலும் கூடவே கத்துவாள். முதல் வாரம் எனக்கு இடுப்பே போய்விட்டது. மூன்றாவது வாரம் மூத்தவள் முப்பது சொல்வதற்குள் பக்கம் என் விரலடியில் இருந்தது. "அப்பா, மெதுவாத் தேடுங்கப்பா!" என்று அவள் அழுத அன்று, என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

தேர்வு எழுதினேன். சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. அன்று சைக்கிளை எப்படி மிதித்தேன் என்றே தெரியாது. வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"ரெண்டாவது பேப்பர் பெயிலாயிட்டேன்."

'ஆனால்' என்றோ, 'அன்றைக்குத் தலைவலி' என்றோ சேர்க்காமல் அப்படி ஒரு வாக்கியம் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சரி" என்றாள். பிறகு, "மொதப் பேப்பர்?"

"பாஸ்."

அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். டிசம்பரில் மீண்டும் உட்கார்ந்து இரண்டாவதையும் எழுதித் தேறினேன். அடுத்த சித்திரையில் ஊரிலிருந்து இருபது பேர் வந்து இறங்கினார்கள். வீட்டில் படுக்க இடமில்லாமல் நான் மொட்டைமாடியில் சந்தோஷமாகத் தூங்கினேன்.

பிறகு எத்தனையோ தேர்வுகள், எத்தனையோ வேலைகள். இன்றும் எதையாவது தள்ளிப்போட ஒரு காரணம் வாயில் வந்து நிற்கும்போது, 'இதில் எதற்குப் பயப்படுகிறாய்?' என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதிலை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பாதி வேலை அப்போதே முடிந்துபோகிறது.