ஏழு மணிப் பெண், ஏழரைப் பெண், எட்டு மணிப் பெண்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை மறைக்கிற ஆள் நான் இல்லை. பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரர்களின் பெட்டியைத் தலையில் தூக்கியவன், இன்றைக்குச் செங்கம் சாலையில் பதினோரு அறைகள் கொண்ட மாடி விடுதிக்குச் சொந்தக்காரன். 'வெந்நீர் காலையில்தான் வரும்' என்று ஏழு பாஷையில் சொல்வேன். வேங்கிக்காலில் வீடு கட்டுகிற கலெக்டர் ஆபீஸ்காரர்கள்கூட, தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் வைக்கலாம் என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. டிவி சீரியலில் வருகிற மூன்று சின்னப் பெண்களைப் பற்றி.

எங்கள் முன்னறையில் டிவி என் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே மேசை போட்டு நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். யார் வருகிறார்கள், யார் சாவியைக் கொடுக்காமல் நழுவுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அதனால் டிவி எனக்கு முதுகுப் பக்கம். அதற்குச் சத்தமும் கிடையாது. தங்க வருகிறவர்களில் பாதிப் பேர் தியானத்தில் கண்ணை மூடி உட்காரவே வருகிறவர்கள். 'மௌனம்' என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்து, டிவியைப் பார்த்து முறைப்பார்கள். வாங்கிய வாரத்திலிருந்தே அது ஊமை டிவி.

என் இளைய மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் எனக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். ஏழிலிருந்து எட்டரை வரை மூன்று சீரியல். அவள் அம்மா அந்த நேரத்தில் மொட்டைமாடிச் சமையலறையில், அறைகளில் தங்கியிருப்பவர்களுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள். எனக்குக் கதை சொல்வது மகள்தான்.

"சத்தமே இல்ல, உனக்கு எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டால், "அவங்க மூஞ்சியே சொல்லுதுப்பா" என்பாள்.

அவள் சொல்லித்தான் அந்த மூன்று பெண்களும் எனக்குப் பழக்கமானார்கள். ஏழு மணிப் பெண்ணுக்குப் பதினாறு வயது. இரட்டைச் சடை, சித்தி கொடுமை, குடம் குடமாகத் தண்ணீர் எடுப்பாள், குடம் குடமாக அழுவாள். ஏழரைப் பெண் வாயாடி. புல்லட் ஓட்டுவாள், ஊர்ப் பெரிய மனுஷனை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். எட்டு மணிப் பெண் இரண்டுக்கும் நடுவில். நன்றாகப் படிக்கிறவள், அதிகம் பேசாதவள், அப்பாவுக்கு அரிசி மில். அந்த அப்பாவும் என்னைப் போலத் தானாக முன்னுக்கு வந்த ஆளாம்.

"அந்தப் பொண்ணுதான்டி பொண்ணு. அழுமூஞ்சியும் வாணாம், வாயாடியும் வாணாம்" என்று நான் தீர்ப்புச் சொல்வேன். தீர்ப்பு என்றால் அது சபையில் சொல்கிற மாதிரி இருக்கும். எட்டு மணிக்கு இரண்டு ஆட்டோக்காரர்கள், பால்காரர், சலவைக்காரர் எல்லோரும் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். டிவி பார்க்க இல்லை. நான் பேசுவதைக் கேட்க.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஒரு சாயங்காலம் மகள் சொன்னாள். "அப்பா, எட்டு மணி பொண்ணுக்கு கோயம்புத்தூர்ல காலேஜ் சீட்டு கெடச்சிருக்குது. விவசாயப் படிப்பு. ஹாஸ்டல்ல தங்கணும். டீச்சர்தான் அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்தாங்க. அவ அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பேப்பர பிரிண்ட் எடுத்து வச்சிருக்கா."

"ஓஹோ!" என்றார் ஓர் ஆட்டோக்காரர். "அண்ணே, நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"நானா?" நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். "அந்தப் பேப்பர அடுப்புல போட்டு டீ வைப்பேன். நான் மூணாங்கிளாஸ். எனக்கு இன்னா கொறச்சல்? வயசுப் பொண்ண ஹாஸ்டல்ல வுட்டுட்டு, இவன் மில்லுல ஒக்காந்து நெல்லு அளப்பானா? படிப்பு ஜாஸ்தியானா மரியாதை கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அவ அழுதா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் அழுவா. மூணாவது நாள் இட்லி துன்னுவா."

பால்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். மறுநாள் எட்டு மணிக்கு, "அப்புறம் இன்னாம்மா ஆச்சு?" என்று நானே கேட்டேன்.

"ஒண்ணும் ஆவலப்பா. அந்தப் பொண்ணு அப்பாகிட்ட சொல்லவேயில்ல. பேப்பர அலமாரியில நியூஸ்பேப்பருக்கு அடியில வச்சிட்டா."

"புத்திசாலிப் பொண்ணு" என்றேன்.

அந்த வருடம் என் மகள் உள்ளூர்க் காலேஜிலேயே பி.காம். சேர்ந்தாள். "ஊர வுட்டுப் போவ எம்பொண்ணுக்கு மனசில்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அடுத்த தை மாதம் கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கிற குடும்பத்தில் கொடுத்தோம். அந்தக் கல்யாணத்தில் பந்தி ஓயவே இல்லை. இலை எடுக்க ஆள் போதாமல் என் சம்பந்தியே இலை எடுத்தார். இப்போது அவளுக்கு ஓர் ஆண் குழந்தை. குறை ஒன்றும் சொல்ல மாட்டாள். குறை மட்டும் இல்லை, எதையுமே சொல்ல மாட்டாள்.

இந்தச் சித்திரையில் அறைகள் காலியாகக் கிடந்தன. இந்த வெயிலில் வெள்ளைக்காரர் யாரும் இங்கே இருப்பதில்லை. மத்தியானத்தில் பழைய எட்டு மணி சீரியலை முதலிலிருந்து மறுபடி போடுகிறார்கள் என்று என் மனைவி சொன்னாள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். முதல் தடவையாகச் சத்தம் வைத்தோம்.

அப்பாவுக்கு அரிசி மில் இருந்தது. பெண் நன்றாகப் படித்தாள். அதுவரைக்கும் சரி. நான் மனைவியிடம் முந்திக்கொண்டு சொன்னேன். "பாரு, இப்ப காலேஜ் சீட்டு வரும். பேப்பர ஒளிச்சு வைப்பா."

"இன்னா சீட்டு? இந்தப் பொண்ணுக்கு முதல் மாசத்துலயே தாலி ஏறிடுச்சே. பத்தாவது கூட முடிக்கல" என்றாள் மனைவி.

"நீ தோச ஊத்திட்டு இருந்த. உனக்கு இன்னா தெரியும்?"

"அப்பத்துலேர்ந்தே மறுநாள் போன்ல பாத்துடுவேங்க. ஒரு நாளும் வுட்டதில்ல."

நான் நம்பவில்லை. தினமும் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறியது. மாமியார் வந்தாள், நாத்தனார் வந்தாள், பாயசத்தில் விஷம் கலந்தார்கள். சித்திரை போய் வைகாசி வந்தது. காலேஜ் வரவில்லை. கோயம்புத்தூர் வரவில்லை. ஒரு டீச்சர்கூட அந்தக் கதையில் கிடையாது.

ஒரு மத்தியானம் பாதிக் கதையில் எழுந்து மகளின் பழைய அலமாரியைத் திறந்தேன். கீழ்த் தட்டில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினேன். நான்காக மடித்த ஒரு தாள். இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் தங்க வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பேரையும் ஊரையும் ரிஜிஸ்டரில் எழுதி எழுதி, பெரிய எழுத்துகள் தெரியும். பாஸ்போர்ட்டைப் படிக்கிற மாதிரியே ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். என் மகளின் பேர் வந்தது. பிறகு என் பேர். பிறகு கோயம்புத்தூர்.

மனைவியிடம் காட்டினேன். அவள் தாளைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு எதிர்ல நின்னு, 'அப்பா நான் படிக்கப் போறேன்'னு கேட்டிருந்தா, பொட்டிய நானே தலையில தூக்கினு கோயம்புத்தூர் வரைக்கும் போயிருக்க மாட்டேனா?" என்றேன். சத்தியமாகப் போயிருப்பேன். "நான் சொன்னது சீரியல் பொண்ணுக்குத்தானே?"

"எந்தப் பொண்ணுக்கு சொன்னா இன்னாங்க? சொன்னது நீங்கதானே" என்றாள்.

மற்ற இரண்டு சீரியலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஏழு மணிப் பெண்ணைப் பற்றி என் மகள் சொன்னது அத்தனையும் நிஜம். அவள் அழுதால் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஓடி வருகிறார்கள், மழைகூட வருகிறது. ஏழரைப் பெண்ணுக்குக் கோபம் வந்தால் கேமரா மூன்று தடவை அவள் முகத்துக்குப் போகிறது. ஒருத்தியின் கண்ணீரையும் ஒருத்தியின் கோபத்தையும் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. நிஜமான எட்டு மணிப் பெண்ணும் அப்படித்தான், விஷத்தைக் குடித்துக்கூடப் பிழைத்துக்கொள்கிறாள். என் மகள் சொன்ன எட்டு மணிப் பெண் மட்டும் அழவில்லை, யாரையும் தெருவில் நிறுத்தவில்லை. அவளுக்கு மழையும் இல்லை, கேமராவும் இல்லை. அப்பன் என்ன சொல்வான் என்று ஒரு தடவை ஆழம் பார்த்தாள். நான்கு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் அவள் கதை. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது டிவிக்குத்தான் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

போன வாரம் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து, முன்னறையில் பாய் விரித்துக் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. பதினோரு அறை கட்டியவனுக்கு, பெற்ற மகளிடம் நேராக ஒரு வாக்கியம் பேச வரவில்லை. அவள் வழியிலேயே போனேன்.

"அந்த எட்டு மணி சீரியல மறுபடி போடறான்மா. இன்னைக்கிகூட பாத்தேன்."

"சரிப்பா."

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாயி கொழந்தையும் இருக்குது. அவ அப்பன் அவகிட்ட போயி, 'தப்பு பண்ணிட்டேன்மா, இப்ப படிக்கிறியா, கொழந்தைய நாங்க பாத்துக்கறோம், மாப்ளகிட்ட நான் பேசறேன்'னு சொல்றான்."

அவள் குழந்தையின் முதுகில் தட்டுவதை நிறுத்தவில்லை. "அவ இன்னா சொன்னா?"

"அத நாளைக்கித்தான் காட்டுவான்."

அவள் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, குழந்தையின் மேல் துணியை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள். "இன்னைக்கி ஞாயித்துக்கெழமைப்பா. அந்த சீரியல் கெடையாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, மெல்லிய துணி. பைக்குள் இருக்கிற தாளின் மடிப்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவள் பார்வை அதில்தான் இருந்தது.

"பாக்கெட்ல இருக்கறத எடுத்த எடத்துலயே வச்சிடுங்கப்பா" என்றாள். "காத்த கொஞ்சம் கம்மி பண்ணுங்க. கொழந்தைக்கு சளி."

எழுந்து விசிறியைக் குறைத்தேன். அப்படியே உள்ளே போய் அலமாரியைத் திறந்து, செய்தித்தாளுக்கு அடியில் தாளை வைத்து, சுருக்கம் தெரியாமல் தடவிவிட்டேன். நான் திரும்பி வந்தபோது அவளும் குழந்தைக்குப் பக்கத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போய் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.