எல்லை ஸ்டேஷனில் நான் போட்ட பழி

கொரோனாவுக்கு முந்தைய வருஷம், செப்டம்பர் மாதம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து நானும் என் கணவரும் எங்கள் ஒரே மகளும் மாஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து ரயிலிலேயே மங்கோலியா வரைக்கும் போனோம். ரயிலில் உட்காருவதற்காக யாராவது அவ்வளவு தூரம் போவார்களா என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல அவர் ரயில்வே டைம்டேபிள் படிப்பார். அவர் ரிடையர் ஆனதும், கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், அப்பாவுக்குப் பரிசாக டிக்கெட் எடுத்துவிட்டாள். நானும் ஆறு நாளைக்கு வேண்டிய புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், நேந்திரங்காயை வறுத்த உப்பேரி எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீஸில் ரெக்கார்டு செக்‌ஷனில் வேலை பார்த்தவள் நான். நான் எடுத்துவைத்த ஃபைல் தொலைந்துபோயிற்று என்று ஒருத்தர் சொன்னதில்லை. வீட்டிலும் யார் எதைத் தொலைத்தாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

இன்னொரு பழக்கமும் உண்டு. முக்கியமான காகிதம் எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் சுவாமி காலடியில் வைத்து, ஓரத்தில் குங்குமம் தொட்டு, அப்புறம்தான் பீரோவில் வைப்பேன். மகளின் ஹால் டிக்கெட், இவருடைய டிரான்ஸ்ஃபர் ஆர்டர், கேஸ் கனெக்‌ஷன் ரசீதுகூட அப்படிப் போயிருக்கிறது. ரயிலிலும் விடவில்லை. ஜன்னலோரம் இருந்த குட்டி மேஜையில் மடக்குகிற சுவாமி படத்தை வைத்து, விளக்கு ஏற்றக்கூடாது என்பதால் ஒரு பூவை மட்டும் வைத்து, தினமும் காலையில் சுலோகம் படித்தேன்.

எங்கள் அறையில் நாலு படுக்கை. இர்குட்ஸ்க் என்ற ஊரில் நாலாவது படுக்கைக்கு ஒரு மங்கோலிய அம்மாள் ஏறினார். என் வயதுதான் இருக்கும். கூடவே ஆறு பெரிய மூட்டைகள். எல்லாம் குழந்தைகள் போடுகிற குளிர் கோட்டுகள். ரஷ்யாவில் வாங்கிக்கொண்டுபோய்த் தன் ஊரில் விற்பவர் என்று புரிந்தது. அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. என் மகள் போனில் தட்டி மொழிபெயர்த்துக் காட்டுவாள், அவர் படித்துவிட்டுத் தலையாட்டுவார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் வந்ததிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. மூட்டைகளை எங்கள் படுக்கைக்கு அடியிலும் தள்ளினார். மாமிசம் வைத்த கொழுக்கட்டை போல ஏதோ ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டார். நான் எங்கள் சாப்பாட்டுப் பையைத் தூக்கி மேல் படுக்கையில் வைத்தேன். மூட்டைக்கு இடம் பண்ணும்போது என் பூஜைப் பையை அவர் எடுத்து நகர்த்தி வைத்தார். அன்று முழுவதும் எனக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. போதாததற்கு இரண்டு சின்னக் கோட்டுகளை மகளின் கொக்கியில் மாட்டிவைக்கலாமா என்று ஜாடையில் கேட்டார். இவளும் சரி என்றுவிட்டாள். பக்கத்து அறைகளிலும் அப்படியே இரண்டிரண்டாக மாட்டிவிட்டு வந்தார்.

அவர் செய்த நல்லதையும் சொல்லவேண்டும். ரயில் பைகால் ஏரிக் கரையோடு மணிக்கணக்காகப் போகும். அது தெரியும் பக்கத்து ஜன்னலோர இடம் அவருடையது. என் கணவர் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் எழுந்து, அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அங்கே உட்காரவைத்தார். ஏரி முடியும்வரை, தான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். இவர் குழந்தைமாதிரி மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

ரஷ்யாவுக்குள் நுழையும்போது ஏர்போர்ட்டில் ஆளுக்கொரு சின்னச் சீட்டு கொடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருந்து, நாட்டை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுக்கவேண்டும். தொலைத்தால் வெளியே விடமாட்டார்கள் என்று டிராவல்ஸ்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் எல்லாவற்றையும் என் பொறுப்பில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ரயில் ரஷ்யாவின் கடைசி ஸ்டேஷனில் நின்றது. அங்கே மணிக்கணக்கில் நிற்கும். அதிகாரிகள் ஏறி ஒவ்வொரு அறையாகப் பார்ப்பார்கள். எங்கள் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் ரஷ்யப் பெண் முன்னாலேயே வந்து, காகிதங்களை எடுத்துவைக்கச் சொன்னாள். நான் பெருமையாகப் பையைத் திறந்தேன். பாஸ்போர்ட் மூன்று இருந்தது. சீட்டு இரண்டுதான் இருந்தது. மகளுடைய சீட்டைக் காணவில்லை.

பையைக் கவிழ்த்துக் கொட்டினோம். போர்வையை உதறினோம். இவர் டைம்டேபிளை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவளை மட்டும் இந்தக் காட்டு ஸ்டேஷனில் இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தன் போனில் டார்ச்சைப் போட்டுப் படுக்கைகளுக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.

நான் வைத்தது தொலையாது. அப்படியானால் யாரோ எடுத்திருக்கவேண்டும். என் புத்தி அப்படித்தான் போயிற்று. பையைத் தொட்டவர் ஒருத்தர்தான். மகளைக் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அந்த ரஷ்யப் பெண் நின்றிருந்தாள்.

"இவள் கிட்ட சொல்லு. அந்தப் பொம்மனாட்டி நம்ம பையை எடுத்தாள், அவள் மூட்டையைப் பார்க்கணும்னு டைப் பண்ணு."

"அம்மா, மதி, போறும். அந்த மாமி பாவமாக்கும். உள்ளே அவாதான் குனிஞ்சு தேடிண்டிருக்கா."

"உன்னை இங்கே இறக்கி விட்டாத் தெரியும் பாவம். டைப் பண்ணுடீ."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள். ரஷ்யப் பெண் படித்தாள். போய், அப்போதுதான் ஏறியிருந்த அதிகாரிகளிடம் காதோடு ஏதோ சொன்னாள். இரண்டு பேர் நேராக எங்கள் அறைக்கு வந்தார்கள்.

அந்த அம்மாள் எழுந்து, தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார். மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். ஒவ்வொரு கோட்டாக உதறிப் பார்த்துப் படுக்கையில் போட்டார்கள். சிவப்பு, நீலம், முயல் காது வைத்த தொப்பியோடு வெள்ளை. படுக்கை நிறைந்து தரையிலும் விழுந்தன.

பயம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான். ஜன்னல் மேஜையில் இருந்த சுலோகப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். தினமும் படிக்கிற பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அதில் இருந்தது சீட்டு. மூலையில் என் கையால் வைத்த குங்குமம். எல்லை நெருங்குகிறதே என்று அன்று காலையில் மூன்றையும் சுவாமி காலடியில் வைத்திருக்கிறேன். இரண்டை எடுத்துப் பையில் போட்டவள், விரித்திருந்த புத்தகத்தின்மேல் கிடந்த மூன்றாவதைக் கவனிக்காமல் அதற்குள்ளேயே மூடியிருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

இவ்வளவோடு போயிருந்தால் இதை ஒரு ஞாபகமறதிக் கதையாகச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். நான் என்ன செய்தேன் என்றால், புத்தகத்தை மூடிவிட்டேன்.

மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேர் நிற்கும்போது எப்படி எடுத்து நீட்டுவது? வாய் கூசியது. இரண்டு நிமிஷத்தில் மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூட்டையில் சீட்டு இருக்காது என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போகவில்லை. ஒருவர் தரையில் கிடந்த கோட்டுகளையும் கொக்கியில் தொங்கிய கோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து அறைகளுக்குப் போய் அங்கே தொங்கியவற்றையும் எடுத்துவந்தார். ஒரு ஆள் கொண்டுபோகிற அளவுக்கு மேல் இருந்திருக்கவேண்டும். அந்த அம்மாள் மெல்லிய குரலில் ஏதோ கெஞ்சினார். விரல்களை மடக்கி மூன்று காட்டினார், உயரம் காட்டினார். பிள்ளைகளைச் சொல்கிறார் என்று எந்தப் பாஷைக்காரிக்கும் புரியும். அவர்கள் கோட்டுகளை மறுபடி திணித்து ஐந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

அவர்கள் இறங்கிய பிறகுதான் நான் குனிந்தேன். சீட்டைப் புத்தகத்திலிருந்து நழுவவிட்டுப் படுக்கை இடுக்கிலிருந்து எடுப்பதுபோல எடுத்தேன்.

"இதோ கிடக்கே. இடுக்கிலே விழுந்திருக்கு."

என் கணவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "நன்னாயிட்டு. பகவான் காப்பாத்தினார்" என்றார். மகள் சீட்டை வாங்கினாள். மூலையில் இருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் பார்க்க வந்தவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு முத்திரை குத்திவிட்டுப் போனார்.

ரயில் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மாள் திரும்பிவந்தார். வெறுங்கை. மிச்சம் இருந்தது படுக்கைமேல் இருந்த ஒரே ஒரு மூட்டைதான். கண் சிவந்திருந்தது. வந்து உட்கார்ந்ததும் மகளைப் பார்த்து, சீட்டு கிடைத்ததா என்று கையால் கேட்டார். கிடைத்தது என்று இவள் தலையாட்டினாள். அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. மகளின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடைபாதையில் நான் சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாது. எல்லையில் எப்போதும் நடக்கிற சோதனை, இந்தத் தடவை தன் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிளாஸ்க்கைத் திறந்து உப்புப் போட்ட பால் டீயைக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் எனக்கு நீட்டினார். இரண்டு கையாலும் நீட்டினார். மகளைத் தொலைக்க இருந்த தாய்க்கு ஆறுதல். யார் வாய் வைத்த கிண்ணத்திலும் நான் அதுவரை குடித்ததில்லை. அன்று குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தேன். அவர் இன்னொரு கிண்ணம் ஊற்றினார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் என்னிடத்தில்தான் இருந்தன. அவற்றைச் சுமந்தது மட்டும் அவர்.

மறுநாள் காலை உலான்பாட்டர் வரும் நேரம். இவர் முகம் கழுவப் போயிருந்தார். மகள் போனை என் கையில் கொடுத்தாள். மங்கோலிய எழுத்து ஒன்றும் புரியவில்லை. அதற்கு மேலே அவள் தட்டியிருந்தது மட்டும் புரிந்தது. எங்களால்தான் உங்கள் மூட்டையைச் சோதித்தார்கள், நாங்கள்தான் உங்களைச் சந்தேகப்பட்டோம், எங்களை மன்னித்துவிடுங்கள் என்று இருந்தது. நான் சந்தேகப்பட்டேன் என்று அவள் எழுதவில்லை. நாங்கள் என்று எழுதியிருந்தாள்.

"நீயே காட்டு அம்மா."

போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்த அம்மாள் தலை வாரிக்கொண்டிருந்தார். நடுவில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். திரை அணைந்தது. தொட்டு ஏற்றினேன். மறுபடி அணைந்தது. இந்த ஸ்டேஷன் வரட்டும், இந்தப் பாலம் தாண்டட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ரயில் நின்றது. அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் கன்னத்தைத் தட்டி, எனக்குக் கை கூப்பினார். காலையில் நான் சுவாமிக்குக் கும்பிடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். பிளாட்பாரத்தில் இறங்கிய பிறகும் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று கையாட்டினார். போன் என் கையிலேயே இருந்தது.

மகள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என் கணவர் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பைகால் ஏரியைப் பற்றிச் சொல்வார். இடம் கொடுத்த அந்த அம்மாளைப் பற்றிச் சொல்வார். பாவம், எல்லையில் அவர் சரக்கெல்லாம் போய்விட்டது என்று உச்சுக்கொட்டுவார். அந்த நேரத்தில் நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து ஆளுக்கொரு வேலையாகப் போய்விடுவோம். இவருக்கு இதைப் படித்தால்தான் தெரியும்.

அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். ஆனால் அவர் எங்கேயோ தன் ஊரில் இருந்துகொண்டு இன்றைக்கும் என்னை ஒரு நல்ல மனுஷி என்றே நினைத்துக்கொண்டிருப்பார், அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.