மூன்றாவது தூண்

உள்துறைமுக வீதியில் அந்த மாடிக் கட்டடத்தைத் திருத்தி உணவு விடுதியாகத் திறந்த அன்று, பழைய வாடகைக்காரர் என்று எங்களுக்கும் அழைப்பு வந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டியது. கீழ்த்தளத்தில் நாங்கள் கயிறும் வலையும் விற்றோம். கொழும்பிலிருந்த கட்டடச் சொந்தக்காரர் ஒழுகிய கூரைக்கு ஒரு ஓடுகூட மாற்றித் தந்ததில்லை. விற்பதற்கு மட்டும் ஓடோடி வந்தார்.

சண்டைக் காலத்தில் ஒரு காலை, கடை திறக்கப் போன அண்ணனை அதன் வாசல் விறாந்தையில் வைத்துச் சுட்டார்கள். சுட்டது யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வெடி அங்கிருந்த மூன்றாவது தூணில் பட்டு, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டது. அதை அடைக்க அம்மா விடவேயில்லை. ஒவ்வொரு காலையும் அதில் ஒரு நந்தியாவட்டைப் பூவைச் செருகிவிட்டுத்தான் கடை திறப்பார். விஷயம் தெரியாத லொறிக்காரர்கள் பிள்ளையார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அம்மா யாரையும் திருத்தியதில்லை.

கடை போனபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், தூண் இருக்குமா என்று. பழைய கட்டடம் என்றுதானே வாங்குகிறார்கள், கை வைக்கமாட்டார்கள் என்று நான் தைரியம் சொன்னேன்.

விழாவுக்கு அம்மா ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து ஓட்டோவில் பூவோடு வந்தார். மூன்றாவது தூணைத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். தூண் வழுவழுவென்று இருந்தது. திருத்த வேலை பார்த்த பொறியியலாளர் பக்கத்தில் வந்து பெருமையாகச் சொன்னார்:

"வெடி பட்ட ஓட்டையெல்லாம் அடைச்சிட்டம் அம்மா. மகாராணி காலத்தில இருந்த மாதிரியே கொண்டு வந்திட்டம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே வெள்ளைக்காரன் அடித்த துருப்பிடித்த ஆணிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து வைத்திருந்தார்கள். அவன் ஆணி வரலாறாம், என் அண்ணன் விழுந்த இடம் ஓட்டையாம். என்ன படிப்புப் படித்தார்களோ!

அம்மா கொண்டையிலிருந்த ஊசியை இழுத்துத் தூணைச் சுரண்டத் தொடங்கினார். காவலாளி ஓடி வந்து, பழைய கட்டடம், அதில் கீறக்கூடாது என்றான்.

"என்ர பிள்ளையை உள்ளுக்க வச்சுப் பூசிப்போட்டினம் தம்பி," என்றார் அம்மா, கையை நிறுத்தாமல்.

என் கைப்பையில் பழைய கடைச் சாவி கிடந்தது. இப்போது அது எந்தப் பூட்டுக்கும் பொருந்தாது. பூச்சு இன்னும் சரியாக இறுகவில்லை. ஒரு பூக்காம்பு நுழையும்வரை நானும் சாவியால் தோண்டினேன்.