கண்மாய்க்குள் ஒரு கம்பிச் சதுரம்

செடி எண்ணுவதுதான் என் தொழில். உட்கார்ந்து செய்கிற வேலை என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. களப்பணி என்ற பெயரில் சேற்றில் நிற்கும் சக பாவிகளே, உங்களுக்காவது பொறுமை இருக்கிறதா? எனக்குக் கிடையாது. மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பக் கொஞ்சம் தாமதமானாலே இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும். அப்படிப்பட்டவளை மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குள் ஒரு வருடம் நிறுத்திவைத்தார் எங்கள் பேராசிரியர். மாடும் தீயும் வெளியூர்ச் செடிகளும் கண்மாயை என்ன செய்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும்.

வேலி

தை மாதம் தண்ணீர் வற்றிய ஓரத்தில், மாடு நுழையாதபடி பத்தடிச் சதுரமாகக் கம்பிவேலி போட்டேன். பக்கத்தில் அதே அளவு இடத்துக்கு வேலி போடாமல் நாலு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். உள்ளே எத்தனை வகைச் செடி, வெளியே எத்தனை வகை என்று ஒப்பிடுவதுதான் திட்டம்.

மறுவாரம் போனால் ரிப்பனைக் காணோம். அங்கே ஏழு மாடு மேய்க்கும் பாண்டியம்மாக்காவிடம் சண்டைக்குப் போனேன். ரிப்பனைத் தின்ற மாட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அக்கா என் வேலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மாடு திங்காத புல்ல எண்ணி என்னம்மா செய்யப் போற?"

தீ

சித்திரையில் சம்பங்கோரை ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. கொழுந்துப் புல் வரட்டும் என்று ஆடு வைத்திருக்கும் மாயாண்டி அண்ணன் அதில் தீ வைத்துவிட்டார். வேப்பங்கொப்பை ஒடித்து அடித்து அடித்து வேலியைக் காப்பாற்றினேன். சுடிதார் ஓரம் கருகிப்போனது.

இரண்டு வாரத்தில் கரிக்குள்ளிருந்து பசும்புல் வந்தது. ஆடு வாய் வைக்காத வெளியூர்ச் செடியான காட்டாமணக்கு அதைவிட வேகமாகத் துளிர்த்தது. அந்தச் சனியனாவது செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா என்று அவரிடமே கத்தினேன்.

"நான் வச்சது தலையில. அதுக்கு உசுரு வேருலல்ல இருக்கு."

போர்டு

ஆனியில் இடைக்கால அறிக்கை கேட்டார்கள். வேலிக்குள் பச்சைப்பசேல், வெளியே மண் தெரிய மேய்ந்து கிடந்தது. மழைக்காலமும் முடிந்தபிறகு எழுதுவதுதான் முறை. எனக்குத் தெரியும், இருப்புக்கொள்ளவில்லை. மேய்ச்சலைத் தடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். கார்த்திகை பிறந்ததும், அதைப் படித்த அதிகாரிகள் கரையில் போர்டு நட்டார்கள்: கால்நடை மேய்க்கத் தடை. பேராசிரியருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

"நம்ம டிபார்ட்மெண்ட்ல அறிக்கை எழுதி போர்டு வரவச்ச முதல் ஆள் நீதாம்மா."

மறுபடி எண்ணியது

மார்கழியில் எண்ணினேன். வேலிக்கு வெளியே ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கொட்டி, நீர்முள்ளி என்று விரல் விட்டு எண்ணினால் விரல் போதவில்லை. வேலிக்குள் சம்பங்கோரையும் காட்டாமணக்கும் அடைத்து நின்றன. அடியில் ஒரு கீரைக்குக்கூட வெயில் இல்லை. மூன்று முறை எண்ணியும் அதே கதை. போன மாதம்வரை மாடு மேய்ந்ததால்தான் சின்னச் செடிகளுக்கு இடம் கிடைத்திருந்தது. மாட்டின் மேலும் தப்பு இல்லாமல் இல்லை: சீமைக்கருவேல நெற்றைத் தின்று போட்ட சாணியிலெல்லாம் அதன் கன்றுகள் முளைத்திருந்தன. ஆனால் நான் எழுதிய வரி தப்பு.

பாண்டியம்மாக்கா வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றிலும் நடவு வயல். கண்மாயும் இல்லையென்றால் மாட்டை எங்கே ஓட்டுவது? தொழுவில் ஐந்துதான் நின்றன. அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்ட வித்துட்டேன். கருவேலங்கன்ன நான் பிடுங்கிப்புடுறேன். மிச்ச அஞ்சுக்காவது நீ எழுதுனத மாத்தும்மா."

மாற்றி எழுதிக் கொடுத்தேன், போர்டு இறங்கிவிட்டது; ஒரு வருடம் ஓடி ஓடிச் செடி எண்ணியதில் நான் உருப்படியாகத் திருத்தியது ஒரே ஒரு வரி, அதுவும் இரண்டு மாடு தாமதமாக.